கோபுரம் இல்லாத ஓடுதளத்தில் யார் முதலில் இறங்குவது?

கேள்வி: என் மகள் கலிஃபோர்னியாவில் சிறு விமானம் ஓட்டப் பழகுகிறாள். அவள் பறக்கும் நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரமே கிடையாதாம். இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் இறங்க வந்தால் மோதிக்கொள்ளாதா?

பதில்: அமெரிக்காவின் சிறு விமான நிலையங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். அங்கே ஒழுங்கைக் காப்பது விமானிகளே. ஓடுதளத்தை ஒட்டி, தரையிலிருந்து சுமார் 1000 அடி உயரத்தில் விமானங்கள் பறக்க நீள்சதுரமாக ஒரு சுற்றுப்பாதை உண்டு; அதைத்தான் சுற்று என்கிறோம். வேறு அறிவிப்பு இல்லையென்றால் எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்தான். புதிதாக வருபவர் வெளியிலேயே அந்த உயரத்துக்கு இறங்கிவிட்டு, சுற்றின் நீளப் பக்கத்தில் 45 பாகைக் கோணத்தில் சேர வேண்டும். மேலிருந்து இறங்கிக்கொண்டே நுழைந்தால், கீழே போகிறவர் நம் விமானத்தின் வயிற்றுக்கடியில் மறைந்துபோவார். அவர் விமானத்தின் இறக்கை கூரைமேல் இருந்தால், அவருக்கும் நாம் தெரியமாட்டோம்; இருவருமே குருடர்கள்.

10 மைல் தொலைவிலேயே ரேடியோவில் பேசத் தொடங்க வேண்டும்: நிலையத்தின் பெயர், விமானத்தின் வகை, இருக்கும் இடம், உயரம், செய்யப்போவது, மறுபடியும் நிலையத்தின் பெயர். ஒரே அலைவரிசையைப் பல நிலையங்கள் பகிர்வதால் பெயரை இருமுறை சொல்கிறார்கள்.

கேள்வி: எல்லோரும் ரேடியோவில் சொல்லிவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா?

பதில்: நீங்காது. 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் நிலையத்தில் இருவருமே பேசினார்கள். செஸ்னா 152 என்ற சின்ன விமானம் சுற்றில் பழகிக்கொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 சுற்றில் சேராமல், நேர்கோட்டில் சுமார் 180 நாட் (மணிக்கு ஏறத்தாழ 333 கி.மீ.) வேகத்தில் வந்தது. பின்னால் வருபவர் மிக வேகமாக நெருங்குகிறார் என்று சின்ன விமானத்தின் விமானி சொல்லி, இறங்காமல் மேலே போக முனைந்தார். அதற்குள் மோதல். மூவர் இறந்தனர்.

நேர்கோட்டில் இறங்க வருவதைச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் 70 நாட்டில் போகும் விமானத்தை 180 நாட்டில் துரத்தினால், நொடிக்கு சுமார் 57 மீட்டர் இடைவெளி கரையும். பார்த்து, ஆபத்தென்று உணர்ந்து, விமானத்தைத் திருப்ப மொத்தம் 12.5 நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானத் துறை தரும் கணக்கு. அதற்குள் சுமார் 700 மீட்டர் இடைவெளி போய்விடும். இன்னொன்று, மோதப்போகும் விமானம் நம் விமானத்தின் முன்கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசியில்தான் சட்டென்று பெரிதாகும். அசைவதைத்தான் நம் கண் எளிதில் பிடிக்கிறது. அதனால் வானத்தை 10 பாகைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நொடியாவது கண்ணை நிறுத்திப் பார்க்கப் பழக வேண்டும்.

கேள்வி: அக்கம்பக்க விமானங்களைத் திரையில் காட்டும் ஏடிஎஸ்-பி கருவி வாங்கித் தரலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவி 2020 முதல் கட்டாயமானது பெரிய நகரங்களைச் சுற்றியது போன்ற சில வான்வெளிகளில் மட்டுமே. கருவி இல்லாத பழைய விமானம் திரையில் வராமலே போகலாம். சுற்றுக்குள் நுழைந்தபின் மகளின் பார்வை வெளியில்தான் இருக்க வேண்டும். முக்கியமாக, ஓடுதளத்தை நோக்கிக் கடைசித் திருப்பம் எடுக்கும்முன், நேர்கோட்டில் யாரும் வருகிறார்களா என்று ஓடுதளத்துக்கு எதிர்ப்புறமும் பார்க்கச் சொல்லுங்கள்.