வயலின் சாதகம் (தினசரிப் பயிற்சி): இசைக் கல்லூரி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்லூரியில் ஐந்து ஆண்டுகள் கர்நாடக வயலின் படித்தேன். இப்போது கச்சேரிகளில் பாடகர்களுக்குத் துணையாகப் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டே சொல்லியும் கொடுக்கிறேன். இளங்கலை, முதுகலை வயலின் படிக்கும் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: அக்கா, பி.ஏ. முதலாம் ஆண்டு, விடுதியில் இருக்கிறேன். வகுப்பு போக மூன்று மணி நேரம்தான் கிடைக்கிறது. எப்படிச் சாதகம் செய்வது?

பதில்: மூன்று மணி நேரம் தாராளம். ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். காலையில் பாதி, மாலையில் பாதி. காலையில் பிரடையை, அதாவது தந்தியை முறுக்கும் திருகாணியைத் தொடுவதற்கு முன் இரண்டு நிமிடம் கண்ணை மூடித் தம்பூராவைக் கேளுங்கள். சுருதி சேர்த்த பிறகு நீள வில். மத்ய ஸட்ஜத் தந்தியில் (நடு ஸ்தாயி 'ஸ') விரல் வைக்காமல், வில்லின் அடியிலிருந்து நுனி வரை எட்டு எண்ணிக்கை, திரும்பி வர எட்டு. நுனி நெருங்கும்போது ஒலி மெலியும். அந்த இடத்தில் சுட்டுவிரலால் வில்லை லேசாக அழுத்தினால் ஒலி சீராகும். இருபது நிமிடம் இது மட்டும்தான். அலுக்கும், விடாதீர்கள்.

அப்புறம் சரளி, ஜண்டை என்ற ஆரம்ப ஸ்வரப் பயிற்சிகள், மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்). வழக்கமான மாயாமாளவகௌளை ராகத்தோடு நிற்காமல் கல்யாணி, சங்கராபரணம், கரஹரப்ரியா என்று வாரம் ஒரு ராகத்தில் வாசியுங்கள். பிறகு வர்ணம். மாலை முழுவதும் புதுப் பாடத்துக்கு. பக்கத்து அறைக்குத் தொந்தரவு என்றால் குதிரையில் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) ஒலியைக் குறைக்கும் மியூட் மாட்டிக்கொள்ளலாம், நீள வில்லுக்கு மட்டும் வேண்டாம். ஒலியைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் பயிற்சி அல்லவா அது.

கேள்வி: எங்கள் வகுப்பில் எட்டுப் பேர். என் முறைக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. மீதி நேரம் வீண்தானே?

பதில்: அடுத்தவர் வாசிக்கும்போது வயலினை மடியில் வைத்துவிட்டு, தாளம் போட்டபடி அதே சங்கதியை (பாட்டு வரியின் அந்த வடிவத்தை) வாய்க்குள் பாடுங்கள். "வாயில் வராதது வில்லில் வராது" என்பார் என் குரு. வில் எங்கே திரும்புகிறது, எந்த விரல் இழுக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்வரம் புத்தகத்திலேயே கிடைக்கும், இவை கிடைக்காது.

கேள்வி: தோடி ராகத்தின் காந்தாரம் ('க' ஸ்வரம்) எனக்குப் பிடிபடவே இல்லை மேடம். நடுங்குகிற மாதிரி கேட்கிறது.

பதில்: தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊஞ்சல் போல ஆடும். உங்கள் விரல் இரண்டு கரையையும் தொடாமல் நடுவிலேயே உதறுகிறது என்று நினைக்கிறேன். ரி, ம இரண்டையும் ஒரே விரலால், அசைவில்லாமல், மாறி மாறி வாசியுங்கள். இரண்டு இடமும் காதுக்கு உறுதியான பிறகு, வில்லை நிறுத்தாமல் அந்த விரலையே வழுக்க விடுங்கள். முதலில் நான்கு எண்ணிக்கைக்கு ஒரு முறை, பிறகு இரண்டுக்கு, பிறகு ஒன்றுக்கு. வில்லின் அழுத்தம் மாறக் கூடாது. விரல் ஒட்டினால் நுனியில் துளி தேங்காய் எண்ணெய் தடவலாம். அது வில்லின் மயிரில் பட்டால் தந்தியைப் பிடிக்காமல் வழுக்கும், கவனம். எனக்கு இது கைகூட நான்கு மாதம் ஆனது. அதுவரை 'ஏரா நாபை' என்ற தோடி வர்ணத்தை இரண்டாம் காலத்தில் ஓட்ட ஆசைப்படாதீர்கள்.

கேள்வி: சின்ன வயதில் மேற்கத்திய வயலின் கற்றேன். இப்போது தரையில் உட்கார்ந்து வாசிப்பது கஷ்டமாக இருக்கிறது. நாற்காலியில் வாசிக்கலாமா?

பதில்: தரையிலேயே பழகுங்கள். வயலினின் தலை வலது கணுக்கால் பக்கம் ஊன்றியிருப்பதால் இடது கைக்குச் சுமையே இல்லை. அதனால்தான் விரல் தந்தி முழுவதும் தாராளமாக ஓடி கமகம் (ஸ்வரத்தின் அசைவு) பிடிக்கிறது. தந்திகளும் இங்கே ஸ, ப, ஸ, ப என்று சேர்வதால் பழைய விரல் கணக்கு உதவாது. இரண்டு மாதம் பொறுங்கள்.

கேள்வி: பக்கவாத்தியம் வாசிக்க இப்போதே எப்படித் தயாராவது சார்? யாரைக் கேட்கலாம்?

பதில்: சார் இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள். ஆலாபனைப் பதிவு ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு பிடியிலும் (ராகத்தின் சிறு சொற்றொடர்) நிறுத்தி, அதை அப்படியே வாசியுங்கள். ஒரு வாரம் பாடகரின் 1 கட்டை சுருதியில், மறு வாரம் பாடகியின் 5 கட்டை சுருதியில். தந்தியின் இறுக்கம் மாற மாற, விரலும் வில்லும் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். கேட்பதற்கு மூன்று வயலின் மேதைகள்: வில்லின் கனத்துக்கு துவாரம் வெங்கடசாமி நாயுடு, பாட்டைப் பாடுவது போலவே வாசிக்க லால்குடி ஜெயராமன், வேகத்திலும் தெளிவுக்கு எம்.எஸ். கோபாலகிருஷ்ணன். மூவரில் ஒருவரை மட்டும் ஆறு மாதம் கேளுங்கள்.

கேள்வி: இடது கட்டைவிரல் அடியில் வலிக்கிறது. வாசித்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது, நிறுத்துங்கள். நானும் இரண்டாம் ஆண்டில் வலியோடு நான்கு மணி நேரம் வாசித்து, மூன்று வாரம் வயலினைத் தொட முடியாமல் அழுதேன். கட்டைவிரலால் வயலினின் கழுத்தை நெரிக்கிறீர்களா என்று கண்ணாடி முன் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பிரடை நழுவிக்கொண்டே இருக்கிறது.

பதில்: கழற்றி, துளைக்குள் போகும் பகுதியில் சாக்பீஸ் தேய்த்து, உள்ளே அழுத்தியபடியே திருகுங்கள். நிற்கும்.