அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஆசிரியரே பிரார்த்தனையை நடத்தலாமா?

கூடாது என்பதே என் பதில். அந்நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் ஒரு பிரார்த்தனையை எழுதிக் கொடுத்தது. ஆங்கிலத்தில் வெறும் 22 சொற்கள், எந்த மதத்தின் பெயரும் இல்லை. வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளவும் வழி இருந்தது. ஆனாலும் 1962இல் எங்கல் எதிர் விட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

'பிடிக்காதவர் பேசாமல் இருக்கலாமே' என்பார்கள். வகுப்பு முழுவதும் கண்மூடித் தலைகுனிந்து நிற்கிறது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று மட்டும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேசையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. பிரார்த்தனையைத் தொடங்கியவர்தான் அதற்கு மதிப்பெண்ணும் போடப்போகிறார். இதில் விருப்பம் எங்கிருந்து வரும்?

மாணவர் தானாக வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை (கணக்குப் பரீட்சை அன்று தடுத்தாலும் நடக்காது). சிக்கல் ஆசிரியரின் சொந்த வேண்டுதலில்தான். அரசுப் பள்ளி ஒன்றின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்டு வேண்டிக்கொண்டதை, அது அவருடைய தனிப்பட்ட உரிமை என்று 2022இல் அதே நீதிமன்றம் ஏற்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதியோ, வீரர்கள் அவரைச் சூழ்ந்து மண்டியிட்டிருக்கும் புகைப்படத்தைத் தன் தீர்ப்பிலேயே சேர்த்துவிட்டார்.