ரோபோவும் ஸ்கேனும் ஒரே லேப்லயா? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

நான் ஈரோடு பக்கத்துல இசிஇ முடிச்சிருக்கேன். ஃபைனல் இயர்ல ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின அல்ட்ராசோனிக் சென்சாரை வச்சு, எதுக்க ஏதாவது வந்தா திரும்பிப் போற ஒரு குட்டி ரோபோ பண்ணேன். இப்போ மாஸ்டர்ஸுக்கு ஒரு லேப்ல இடம் கேட்டிருக்கேன். அங்க ப்ரொபசர் ஒருபக்கம் வீட்டு ரோபோவுக்குக் குரல் எந்தத் திசையிலேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி, இன்னொரு பக்கம் மருத்துவ அல்ட்ராசவுண்ட் படம்னு ரெண்டும் பண்றார். எங்க சித்தப்பா "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வச்சிருக்கற ஆள்கிட்ட போய்ச் சேராத"ன்னு சொல்றார். ஃப்ரெண்ட்ஸ் "இனிமே எல்லாம் ஏஐதான், சிக்னல் ப்ராசசிங் எல்லாம் முடிஞ்சு போச்சு"ங்கறாங்க. நீங்க ரெண்டு பக்கமும் வேலை பாத்தவங்க, என்ன சொல்றீங்க?

இப்படிக்கு,
ஒரு வாசகி

வணக்கம்மா,

சித்தப்பா அக்கறையிலதான் சொல்றார். ஆனா இந்த விஷயத்துல ஆறு, சேறுன்னு ரெண்டு கிடையாது, அதுக்கான ஆதாரம் உங்க ப்ராஜெக்ட் கோட்லயே இருக்கு. ட்ரிகர் பின்ல 10 மைக்ரோசெகண்ட் பல்ஸ் குடுத்தீங்க, சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ்ல 8 தடவை கத்துச்சு, எதிரொலி திரும்பி வர்ற வரைக்கும் எவ்ளோ நேரம்னு எண்ணி, அதை 58ஆல வகுத்து சென்டிமீட்டர்னு போட்டிருப்பீங்க. அந்த 58 எங்கேர்ந்து வந்துச்சு? காத்துல சத்தம் செகண்டுக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும், ஒரு சென்டிமீட்டர் போயிட்டுத் திரும்பி வர 58 மைக்ரோசெகண்ட். ஸ்கேன் மெஷின்லயும் இதே வகுத்தல்தான், 58க்குப் பதிலா 13. உடம்புக்குள்ள சத்தம் செகண்டுக்கு 1540 மீட்டர்னு வச்சுக்கிட்டுதான் மெஷின் கணக்குப் போடுது.

"வச்சுக்கிட்டு"ன்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் ஆராய்ச்சியே ஆரம்பிக்குது. உங்க ஊர்ல வெயில் 35 டிகிரி அடிக்கும்போது சத்தம் செகண்டுக்கு 352 மீட்டர் ஓடும், ஆனா உங்க கோட் இன்னும் 58ஐயே பிடிச்சுக்கிட்டு இருக்கறதால 2 மீட்டர் தள்ளி இருக்கற சுவரை நாலு சென்டிமீட்டர் கிட்டத்துல காட்டும். ரோபோவுக்கு அதனால ஒண்ணும் ஆகிடாது, கொஞ்சம் முன்னாடியே திரும்பிடும். உடம்புலயும் இதே கதைதான், கொழுப்புல வேகம் 1450 கிட்டதான், அதனால 3 சென்டிமீட்டர் கொழுப்பைத் தாண்டிப் பாத்தா அடியில இருக்கறது கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் தள்ளித் தெரியும். அதைவிடப் பெரிய பிரச்சனை, ப்ரோப்ல (உடம்பு மேல வச்சுப் பாக்கற கருவி) ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் (சத்தத்தை அனுப்பி எதிரொலியை வாங்கற குட்டித் துண்டு) கீழ கொழுப்பும் தசையும் வேற வேற அளவுல இருக்கும், அதனால ஒவ்வொண்ணுக்கும் தப்பு வேற வேற மாதிரி வந்து படமே மங்கிப்போயிடும். குண்டா இருக்கறவங்களுக்கு ஸ்கேன் சரியா தெரியலன்னு டாக்டர் சொல்றதுக்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம்.

இந்த எலிமென்ட் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாக்கலாம், ஏன்னா உங்க கேள்விக்கு நேரடி பதில் இங்கதான் இருக்கு. சாதாரண லீனியர் ப்ரோப்ல 128 எலிமென்ட் வரிசையா இருக்கும், ஒண்ணுக்கொண்ணு 0.3 மில்லிமீட்டர்னு வச்சுப்போம். நடு எலிமென்ட்டுக்கு நேர் கீழ 5 சென்டிமீட்டர் ஆழத்துல ஒரு புள்ளி. அங்கேர்ந்து வர்ற எதிரொலி நடுவுல வந்து சேர்ந்த 2.3 மைக்ரோசெகண்ட் கழிச்சுதான் ஓரத்து எலிமென்ட்டுக்கு வரும். 2.3 மைக்ரோசெகண்ட்தானேன்னு விட முடியாது, 5 மெகாஹெர்ட்ஸ்ல அது 11 முழு அலை. அந்தத் தாமதத்தைக் கணக்குப் பண்ணி, எல்லா சேனலையும் (ஒவ்வொரு எலிமென்ட்டும் குடுக்கற சிக்னல்) நகத்தி ஒண்ணா நிறுத்திக் கூட்டினாதான் அந்தப் புள்ளி பளிச்னு தெரியும், மத்த இடத்துலேர்ந்து வந்தது ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு அடங்கிடும். இதுதான் பீம்ஃபார்மிங்.

இப்போ ரோபோ தலையில 5 சென்டிமீட்டர் இடைவெளியில ரெண்டு மைக். பக்கவாட்டுலேர்ந்து யாராவது கூப்பிட்டா ஒரு மைக்குக்கும் இன்னொண்ணுக்கும் அதிகபட்சம் 146 மைக்ரோசெகண்ட் வித்தியாசம், 16 கிலோஹெர்ட்ஸ்ல சாம்பிள் பண்ணா, அதாவது செகண்டுக்கு 16,000 தடவை அளந்தா, அது ரெண்டே கால் சாம்பிள் சொச்சம்தான். அதுக்குள்ளதான் முழுத் திசையையும் பிழிஞ்சு எடுக்கணும். நாப்பும் கார்ட்டரும் 1976ல எழுதின தாமதம் கண்டுபிடிக்கிற முறை இன்னிக்கும் இங்க ஓடிக்கிட்டு இருக்கு. அதுக்கும் முன்னாடி 1969ல கேப்பன் ஒரு முறை சொன்னார், வேண்டிய திசையை அப்படியே விட்டுட்டு மத்த திசையிலேர்ந்து வர்ற சக்தியைக் குறைக்கற மாதிரி சேனல்களுக்கு எடை போடறது. அவர் அதைச் சொன்னது பூகம்ப அலைகளுக்காக! அமெரிக்காவுல மோன்டானாவுல நிலத்துக்கடியில நடக்கற அணுகுண்டுச் சோதனையைக் கண்டுபிடிக்கறதுக்காக பெரிய பரப்புல சென்சார் பதிச்சிருந்தாங்க, அந்த டேட்டாவுக்கு. அதே கணக்கு பின்னாடி மைக் அரேக்கு (சேர்த்து வச்ச பல மைக்) வந்துச்சு, 2000க்கு அப்புறம் அல்ட்ராசவுண்ட் பீம்ஃபார்மிங்குக்கும் வந்துச்சு. அதனால உங்க ப்ரொபசர் ரெண்டு வேலை பாக்கலம்மா, ஒரே வேலையை ரெண்டு இடத்துல பாக்கறார்.

சித்தப்பாகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. மருத்துவ அல்ட்ராசவுண்டே வேற துறையிலேர்ந்து இரவல் வாங்கினதுதான். கிளாஸ்கோவுல இயன் டொனால்ட்னு ஒரு மகப்பேறு டாக்டர், போர்க்காலத்துல விமானப்படையில இருந்ததால ரேடார், சோனார் எல்லாம் பழக்கம். 1955ல அறுவை சிகிச்சையில எடுத்த கட்டிகளைக் காருல போட்டுக்கிட்டு ரென்ஃப்ரூல இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் கம்பெனிக்குப் போனார், இரும்புல விரிசல் இருக்கான்னு பாக்கற மெஷின்ல அதையெல்லாம் வச்சுப் பாக்க. ஒப்பிட்டுப் பாக்க அங்க ஒரு மாட்டிறைச்சித் துண்டும் ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. அப்புறம் டாம் பிரவுன்னு ஒரு இளம் இன்ஜினியர் கூடச் சேர்ந்தார், ஜான் மெக்விக்கர்னு இன்னொரு டாக்டரும் சேர, மூணு பேரும் 1958ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில எழுதின கட்டுரைதான் இன்னிக்குக் கர்ப்பிணிகளுக்கு எடுக்கற ஸ்கேனுக்கு அடிப்படை. ஸ்வீடன்லயும் அப்படித்தான், எட்லரும் ஹெர்ட்ஸும் 1953ல இதயத்தைப் பாக்க முதல்ல எடுத்தது கப்பல் கட்டற இடத்து மெஷினை. ஒரே இடத்துல உக்காந்திருந்தவங்களால இது வந்திருக்காது.

சரி, கணக்கு ஒண்ணு, அப்போ எல்லாமே ஒண்ணான்னு கேட்டா, இல்ல. எதை இரைச்சல்னு தூக்கிப்போடறோம்ங்கறதுல ரெண்டும் நேரெதிரா போகும். நான் அடிச்சுச் சொல்ல விரும்பறது இது ஒண்ணுதான்.

ரோபோ பக்கம் பாத்தா, நம்ம வீடுகள்ல டைல்ஸ் தரை, வெறும் சுவர், கார்ப்பெட் கிடையாது, மேல ஃபேன், கிச்சன்ல குக்கர் விசில், ரோபோவோட சொந்த மோட்டார் சத்தம், அது பேசற ஸ்பீக்கர் சத்தம் அதோட மைக்குக்கே திரும்பி வர்றது. இதுல எதுவும் நமக்கு வேணாம், பேசறவங்க குரல் மட்டும் வேணும். விட்ரோவும் ஹாஃபும் 1960ல சொன்ன எல்எம்எஸ் முறைதான் (தப்பைப் பாத்துப் பாத்துத் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாத் திருத்திக்கற ஃபில்டர்) இன்னிக்கு வரைக்கும் எதிரொலியைக் கழிக்கற வேலைக்கு முதுகெலும்பு (அதே விட்ரோ 1975ல அம்மாவோட இதயத்துடிப்பைக் கழிச்சுட்டுக் குழந்தையோட இசிஜியை மட்டும் எடுத்துக் காட்டினார், எனக்கு இந்தத் துறையில ரொம்பப் பிடிச்ச விஷயம் அது).

ஸ்கேன்ல இந்த "வேணாம்"ங்கற வார்த்தையை யோசிச்சுதான் சொல்லணும். பித்தப்பைக் கல்லை டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கறார்? கல்லு வெள்ளையாத் தெரியறது பாதிதான், அதுக்குப் பின்னாடி கறுப்பா ஒரு நிழல் விழுமே, சத்தம் கல்லைத் தாண்டிப் போகாததால, அந்த நிழல்தான் கல்லுன்னு உறுதி பண்ணுது. நீர்க்கட்டின்னா நேர்மாறா பின்பக்கம் கூடுதலா வெளுத்துத் தெரியும். நுரையீரல் இன்னும் அதிசயம், காத்து நிறைஞ்ச இடம்ங்கறதால சத்தம் உள்ளயே போகாது, 99.9 சதவீதத்துக்கு மேல திரும்பிடும், அதனால ரொம்ப நாளா நுரையீரலுக்கு அல்ட்ராசவுண்ட் சரிப்படாதுன்னே நினைச்சாங்க. பிரான்ஸ்ல லிச்சன்ஸ்டைன்னு ஒரு ஐசியூ டாக்டர் அங்க தெரியற கோடுகளையே படிக்க ஆரம்பிச்சார், நீர் கோத்துக்கிட்டா மேலேர்ந்து கீழ வரைக்கும் செங்குத்தா வர்ற பி-லைன் அதுல ஒண்ணு. கோவிட் நேரத்துல எத்தனையோ ஆஸ்பத்திரில கட்டிலுக்குப் பக்கத்துலயே வச்சுப் பாத்தது இதைத்தான். அந்தக் கோடுங்க நுரையீரல்ல அப்படி ஒரு வடிவம் இருக்கறதால வர்றதில்ல, சத்தம் உள்ள மாட்டிக்கிட்டுத் திரும்பத் திரும்ப அடிக்கறதால வர்றது. ரோபோ இன்ஜினியர் கண்ணுக்கு அது சுத்தமா துடைச்சுப் போட வேண்டிய குப்பை, டாக்டருக்கு அதுதான் நோய்.

இப்போ உங்க ஃப்ரெண்ட்ஸ் சொன்ன ஏஐக்கு வர்றேன். பேச்சைச் சுத்தம் பண்றதுல நியூரல் நெட்வொர்க் நிஜமாவே பழைய முறைகளைத் தாண்டிடுச்சு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, நானே அதைத்தான் பயன்படுத்தறேன். ஆனா படத்தை அழகாக்கச் சொல்லிப் பழக்கின நெட்வொர்க், நிழல் இருந்த இடத்துல தனக்குப் பழக்கமான திசுவை வரைஞ்சு குடுத்துடலாம், பாக்கறதுக்கு நல்லாவும் இருக்கும். ரோபோ தப்பாக் கேட்டா திருப்பிச் சொல்லுவோம், இங்க திருப்பிச் சொல்ல ஆள் இல்ல. அதனால சேனல் டேட்டாலேர்ந்து படம் வரைக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு புரிஞ்ச ஆள் இல்லாம ஏஐயை ஸ்கேன்ல விடறது எனக்குச் சம்மதமே இல்ல. சிக்னல் ப்ராசசிங் முடிஞ்சு போகல, இப்பதான் அது ரொம்பத் தேவைப்படுது.

ஸ்கேன் ரூம்ல டாக்டர் வயித்துல ப்ரோப்பை வச்சுக்கிட்டு "கொஞ்சம் இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா"ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. பித்தப்பைக்குள்ள மங்கலா ஏதோ தெரியும், அது நிஜமான படிவா, இல்ல பீமோட சைட்லோப் (முக்கியத் திசையை விட்டுப் பக்கவாட்டுல கசியற சத்தம்) பக்கத்துல இருக்கற குடலைக் கொண்டுவந்து உள்ள காட்டுதான்னு ஒரு படத்தை வச்சுச் சொல்ல முடியாது. திரும்பிப் படுத்ததும் நிஜமான படிவு மெதுவா சரிஞ்சு கீழ்ப்பக்கம் போகும், கல்லுன்னா உருளும், பொய்யா இருந்தா கோணம் மாறினதும் காணாமப் போயிடும். ரெண்டு மைக் வச்ச ரோபோவுக்கும் இதே திண்டாட்டம், சத்தம் முன்னாடியா பின்னாடியான்னு தாமதத்தை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது, ரெண்டுக்கும் ஒரே எண்தான் வரும், அதனால தலையைக் கொஞ்சம் திருப்பி மறுபடி கேக்கணும், எண் கூடுதா குறையுதான்னு பாத்தா தெரிஞ்சிடும். உங்க லேப்ல ரோபோ கத்துக்கிட்டது ஸ்கேனுக்கு உதவும்னா இந்த இடத்துலதான் உதவும்னு நான் நம்பறேன், ப்ரோப்பைத் தானா சாய்ச்சு ரெண்டாவது தடவை எங்கேர்ந்து பாக்கணும்னு முடிவு பண்றது.

சேர்றதுக்கு முன்னாடி ப்ரொபசர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க, லேப்ல ரா சேனல் டேட்டா (கூட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு எலிமென்ட்டும் குடுத்த சிக்னல்) கிடைக்குமா, இல்ல மெஷின் குடுக்கற முடிஞ்ச படம் மட்டும்தானான்னு. முடிஞ்ச படம் மட்டும்னா யோசிங்க, அதுல தாமதம் எல்லாம் ஏற்கனவே கூட்டி முடிச்சிருக்கும், நீங்க தொடறதுக்கு ஒண்ணும் இருக்காது.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேணாம், ஆனா பயிற்சிக்குன்னு ஆன்லைன்ல போர்ட்டபிள் ஸ்கேன் மெஷின் எதுவும் தேடாதீங்க. நம்ம நாட்டுல கருவின் பாலினம் பாக்கறதைத் தடுக்கற 1994 சட்டப்படி, பதிவு பண்ணாதவங்களுக்கு அந்த மெஷினை விக்கறதே குத்தம், எல்லா ஸ்கேன் சென்டர்லயும் போர்டு மாட்டியிருக்கறது அந்தச் சட்டத்தாலதான். அந்தச் சட்டம் எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. உங்களுக்கு மெஷினும் தேவையில்ல. 2016ல பிக்மஸ்னு அல்ட்ராசவுண்ட் படம் உருவாக்கற ஒரு போட்டி நடந்துச்சு, 128 எலிமென்ட், 75 கோணத்துல அனுப்பின ப்ளேன் வேவ் (ஒரு புள்ளியில குவியாம தட்டையாப் போற அலை), எல்லாம் ரா டேட்டாவா இலவசமா இருக்கு, டென்மார்க்ல ஜென்சன் எழுதின ஃபீல்ட் டூ அல்ட்ராசவுண்ட் சிமுலேட்டரும் இலவசம். முதல்ல ஒரே ஒரு கோணத்துக்குத் தாமதம் பாத்துக் கூட்டுங்க, அப்புறம் 75ஐயும் சேருங்க, படம் எப்படித் தெளியுதுன்னு பாத்துட்டு 1540ஐ அழிச்சு 1450ன்னு போட்டு மறுபடி ஓட்டுங்க. ஒவ்வொரு புள்ளியும் பக்கவாட்டுல எப்படி இழுபட்டுப் பரவுதுன்னு அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்க, அடுத்து என்ன பண்ணலாம்னு அதை வச்சுப் பேசலாம்.

அன்புடன்,
அக்கா