அர்னாப் கோஸ்வாமி மீது ஏன் இத்தனை விமர்சனம்?

இந்தியத் தொலைக்காட்சியில் விவாதம் நடத்துபவர் அர்னாப். ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: 'அவர் கேள்விதானே கேட்கிறார், அதில் என்ன பிழை?'

கேட்பது பிழையில்லை தம்பி, பதில் சொல்ல விடாததுதான் பிழை. எங்கள் தோட்ட லயத்தில் டிஷ் போட்ட வீட்டில் அவருடைய விவாதத்தைப் பார்த்திருக்கிறேன். திரையில் எட்டுக் கட்டம், எட்டு முகம். சத்தம் மட்டும் அவருடையது. 2017இல் அவர் ரிபப்ளிக் டிவி தொடங்கும் முன்பே, டைம்ஸ் நவ் அலைவரிசையில் இருந்த காலத்திலேயே இந்தக் குறை சொல்லப்பட்டது. அப்புறம், விசாரணை முடியுமுன் தீர்ப்புச் சொல்வது. நடிகர் சுஷாந்த் சிங் மரணத்தை அந்த இரண்டு அலைவரிசைகளும் காட்டிய விதத்தை 2021இல் மும்பை உயர் நீதிமன்றமே கண்டித்தது.

எனக்கு வலிப்பது வேறொன்று. 2019 செப்டம்பரில் அவருடைய இந்தி அலைவரிசை நிகழ்ச்சியில் பாகிஸ்தானியர் எல்லாருமே பயங்கரவாதிகள் என்பதுபோல் பேசினார்கள். பிரிட்டனில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பு அதற்கு 20,000 பவுண் அபராதம் விதித்தது. ஒரு சனத்தையே ஒரு சொல்லால் அடிப்பது எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா? இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர் என் அப்பாயி. மலையகத் தமிழரை இழிவுபடுத்தும் 'கள்ளத்தோணி' என்ற சொல் காதில் விழுந்தால் கையிலிருக்கும் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிடுவார், மறுபடி எடுக்க மாட்டார்.

ஆனால் 2020 நவம்பரில் ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டியதாகச் சொன்ன பழைய வழக்கொன்றில் அர்னாபைக் கைது செய்ததை நான் கொண்டாடவில்லை. ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பிணை கொடுத்தது சரிதான்.