எட்டு டம்ளர் காபி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூரில் எம்.எஸ்ஸி. உளவியல் முதலாண்டு படிக்கிறேன். வீடு அல்சூரில். மனிதர்களைப் புரிந்துகொள்ளும் ஆசையில் சேர்ந்தேன். வகுப்பில் டி சோதனை, அனோவா என்று புள்ளியியலாகவே போகிறது. நான் பத்தாவதோடு கணக்கை விட்டவள். "எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளியியல் மென்பொருளில் போடு, பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால் எழுதிவிடு" என்கிறார்கள் சீனியர்கள். அப்படியே ஒப்பேற்றிவிடலாமா?

– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

வேண்டாம். ஒப்பேற்றினால் பட்டம் வரும், நீங்கள் ஆசைப்பட்டது வராது. மனிதர்களைப் பற்றி ஒன்றைச் சொன்னால், அது தற்செயல் இல்லை என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி உடனே வரும். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பாடம். சூத்திரத்தை விடுங்கள், காபியில் தொடங்கலாம்.

கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, டீயையா என்று குடித்தே சொல்லிவிடுவதாக ஒரு பெண்மணி சொன்னால் எப்படிச் சோதிப்பது? புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1935இல் எழுதிய கணக்கு இது. நம் வீட்டு டிகாக்‌ஷனில் செய்து பாருங்கள். எட்டு டம்ளர். நாலில் பால் முதலில், நாலில் டிகாக்‌ஷன் முதலில். நாலுக்கு நாலு என்பதைக் குடிப்பவரிடம் சொல்லிவிடலாம், வரிசையைச் சொல்லக்கூடாது. எட்டில் நாலைப் பிரித்தெடுக்க 70 வழிகள். ஒன்றுமே தெரியாதவர் குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்பு, சுமார் 1.4 சதவீதம். பி மதிப்பு என்பது அதுதான். பால் முதலில் என்று அவர் எடுத்த நாலில் ஒன்று தப்பினால்? நாலில் குறைந்தது மூன்று சரியாக வர 17 வழிகள் இருக்கின்றன. சட்டென்று 24 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது! தாளில் எழுதி எண்ணினாலே விளங்கும்.

சரி, பால் முதலில் ஊற்றிய நாலையும் முன்னாடியே கலந்து வைத்துவிட்டால்? அவை ஆறியிருக்கும். அவர் சொல்வது ருசியையா, சூட்டையா? கலந்தவரே கையில் கொடுத்தால் முகத்தைப் பார்த்தே ஊகித்துவிடலாம். அதனால் சீட்டுக் குலுக்கித்தான் வரிசை போட வேண்டும், கலப்பவர் வேறு, கொடுப்பவர் வேறாக இருக்க வேண்டும். 70இல் ஒன்று என்ற கணக்கே அந்தக் குலுக்கலை நம்பித்தான் நிற்கிறது. ஆய்வுமுறை, புள்ளியியல் என்று இரண்டு பேப்பராகப் பிரித்திருப்பதால்தான் பலருக்கு இது பிடிபடாமல் போகிறது.

உங்கள் சீனியர்கள் சொல்வது எனக்குக் கவலையாக இருக்கிறது. பி குறைந்தால் கருதுகோள் நிரூபணமாகிவிட்டது என்று பொருளில்லை. தற்செயல் மட்டுமே என்றால் இப்படியொரு முடிவு எவ்வளவு அரிது என்பதை மட்டும்தான் அது சொல்லும். 0.05 வரும்வரை ஆட்களைச் சேர்ப்பதும், ஒத்துவராத அளவீட்டைச் சொல்லாமல் விடுவதும் அந்தக் கணக்கையே கெடுத்துவிடும். 2015இல் உளவியலின் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 0.05 சோதனையில் தேறியவை. மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் தேறின. துறையே தன்னைச் சோதித்து இதை வெளியே சொன்னதால் அதன்மேல் என் மரியாதை கூடியது.

அப்புறம், உளவியலில் புள்ளியியல் என்பது உங்கள் கர்நாடகப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. 1924இல் மைசூரில் உளவியல் துறையைத் தொடங்கிய எம்.வி. கோபாலசுவாமி லண்டனில் ஸ்பியர்மேனிடம் பயின்றவர். இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் தொடர்புக் கெழு பாடத்தில் வருவாரே, அதே ஸ்பியர்மேன்தான்.

மென்பொருளுக்கு ஜாஸ்ப் இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்த பிராக்டிகலில் எத்தனை பேர், எதை அளப்பீர்கள், எந்தச் சோதனை என்று முதல் ஆளை உட்கார வைக்கும் முன்பே எழுதித் தேதி போட்டுவிடுங்கள். காபி சோதனையில் என்ன வந்தது என்றும் எழுதுங்கள்.