ஒரு குளக்கட்டுக்கு ஐம்பது இலட்சம் எலிமென்ற் தேவையா?

எங்கள் ஊர்க் குளக்கட்டின் உறுதியைப் பார்க்க, 2 கிலோமீற்றர் கட்டையும் முப்பரிமாணத்தில் வரைந்து, எலிமென்ற் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் ஓட்டினேன். 8 ஜிபி மடிக்கணினி இரவு முழுக்க இழுத்துவிட்டு, நினைவகம் போதாது என்று நின்றுவிடுகிறது.
– பொறியியல் பீட மாணவி, அறிவியல்நகர்

தங்கச்சி, முதலில் கையால் ஒரு கணக்குப் போடுங்கள். உயரம் 10 மீற்றர், கீழ் அகலம் 60, மேல் அகலம் 5 என்று வைத்தால் வெட்டுமுகப் பரப்பு 325 சதுர மீற்றர். அரை மீற்றர் எலிமென்ற் போட்டால் ஒரு வெட்டுமுகத்துக்கு 1,300. நீளவாக்கில் 4,000 அடுக்கு. மொத்தம் 52 இலட்சம்! காலபோகத்து நெல் முழுவதையும் ஒரே சாக்கில் கொட்டப் பார்க்கிறீர்கள்.

தண்ணீர் கட்டைத் தள்ளுவது குறுக்காக. நீளவாக்கில் மண் அசைய இடமில்லை, கட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் ஓடுகிறது. ஆகவே நீளவாக்கில் அசைவே இல்லை என்று எடுக்கும் பிளேன் ஸ்ரெயின் முறையில் ஒரு வெட்டுமுகம் போதும். அந்த 1,300 எலிமென்ற்றும் சில செக்கன்களில் முடிந்துவிடும். மிஞ்சும் நேரத்தை மண்ணுக்குக் கொடுங்கள். களியின் உராய்வுக் கோணமும் நீரை ஊடுபுகவிடும் அளவும் பிழை என்றால், 52 இலட்சம் எலிமென்ற்றும் அந்தப் பிழையைத்தான் நுணுக்கமாகக் காட்டும்.

துரிசு, அதாவது குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு, இருக்கும் இடம் வேறு கதை. கொங்கிறீற் சுவரும் களியும் சேரும் கோட்டில்தான் கசிவு வழிதேடும்; அதை வெட்டுமுகம் காட்டாது. அங்கே மட்டும் 30 மீற்றர் துண்டை முப்பரிமாணத்தில் எடுங்கள். துண்டின் இரு முனைகளுக்கும் வெட்டுமுகக் கணக்கில் வந்த அசைவுகளைக் கொடுங்கள். ஏறக்குறைய 78,000 எலிமென்ற் வரும், உங்கள் கணினி தாங்கும். பிறகு 45 மீற்றராக்கிப் பாருங்கள்: விடை மாறாவிட்டால் 30 போதுமானது.

மெஷ்ஷின் (எலிமென்ற் வலையின்) கண்ணளவைப் பாதியாக்கினால் நேரம் இரண்டு மடங்காகும் என்று நினைத்தேன். நாட்கணக்காக ஓடுகிறதே?
– வவுனியா

முப்பரிமாணத்தில் பாதியாக்கினால் கணுக்கள் (எலிமென்ற்கள் ஒன்றோடொன்று சேரும் புள்ளிகள்) 8 மடங்கு. சமன்பாடுகளை ஒரே மூச்சில் நேரடியாகத் தீர்க்கும் டிரெக்ற் சொல்வரில் நேரம் கணு எண்ணிக்கையின் வர்க்கத்தோடு ஏறும், அதாவது சுமார் 64 மடங்கு. நினைவகம் 16 மடங்கு. தகைப்பு சடுதியாக மாறும் மூலைகளில் மட்டும் நுணுக்குங்கள். நான்கு கணு நான்முகி (நான்கு முக்கோண முகமுள்ள எலிமென்ற்) உண்மையைவிட விறைப்பாக நடக்கும்; பத்துக் கணு நான்முகியைக் குறைவாகப் போட்டாலே நல்ல விடை வரும்.

பனந்தும்பு கலந்த சீமெந்துக் கல்லில் சுவர். தும்பு ஒவ்வொன்றையும் வரைய வேண்டுமா?
– முல்லைத்தீவு

வேண்டாம். ஆனால் ஒரு கல்லை உடைத்து முகத்தைக் கிட்டப் பாருங்கள். சில தும்பு முறிந்து நிற்கும். சில முழுசாக உருவி வந்திருக்கும், எதிர்த் துண்டில் அதன் துளை தெரியும். இந்த இரண்டும்தான் கல்லின் குணம்.

தும்பின் நீளத்தைவிடப் பெரிய ஒரு சிறு கனத்துக்குள் மட்டும் தும்புகளை வரையுங்கள். எதிரெதிர் முகங்கள் ஒத்து அசையும்படி கட்டுங்கள். மூன்று இழுத்தல், மூன்று சரித்தல் என்று ஆறு கணக்கு ஓட்டினால் விறைப்பு முழுக்கக் கிடைக்கும். சுவரை அந்த விறைப்புள்ள ஒரே சீரான பொருளாக எடுத்துக்கொள்ளலாம். கனத்தைப் பெருப்பிக்க விறைப்பு மாறிக்கொண்டே போனால் நீங்கள் எடுத்த கனம் சிறிது.

வெடிப்பு தொடங்கியபின் இந்தச் சராசரி செல்லாது. வெடிப்பு ஓடும் பட்டையில் தும்புகளை வரைந்து, மற்ற இடத்தைச் சீரான பொருளாகவே விடுங்கள்.

தண்ணீர்த் தாங்கி ஒன்றுக்கு 300 வகைக் காற்றுப் பதிவுகள். ஒன்று ஓட நான்கு மணிநேரம். குறைக்க வழி உண்டா?
– பரந்தன்

அப்படியே ஓட்டினால் 50 நாள். வெடிப்பில்லாத வரைக்கும் தாங்கியின் ஆட்டம் ஒருசில இயல்பு அதிர்வு வடிவங்களின் கலவைதான். அவற்றில் முதல் பத்தை ஒருமுறை கண்டுபிடித்தால், இலட்சம் சமன்பாடுகள் பத்தாகச் சுருங்கும். தண்ணீரையும் வலையிட வேண்டாம். நிலநடுக்கக் கணக்குக்காக அமெரிக்கப் பொறியியலாளர் ஹவுஸ்னர் 1963இல் காட்டிய வழி இங்கும் உதவும்: சுவரோடு சேர்ந்து ஆடும் திணிவு ஒன்று, மேலே அலையும் திணிவு ஒன்று.

கொங்கிறீற் வெடிக்கும் என்றால் 20 பதிவுகளை முழுமையாக ஓட்டி, அந்த விடைகளிலிருந்து முக்கிய வடிவங்களைப் பிரித்தெடுத்து, மற்றப் பதிவுகளை அவற்றால் சுருக்கி ஓட்டுங்கள். இன்னும் மூன்றை முழுமையாகத் தனியே ஓட்டி, சுருக்கிய விடையோடு ஒப்பிட வையுங்கள். அந்த 20இலும் இல்லாத வேகத்தில் ஒரு புயல் வந்தால் சுருக்கிய கணக்கை நம்பாதீர்கள். போரில் விழுந்து, கிளிநொச்சி ஏ-9 வீதியோரம் சரிந்து கிடந்த தாங்கியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இதில் அசட்டை கூடாது.

புதுக் கணினி வாங்கலாமா?
– மாங்குளம்

முதலில் றாம், அதாவது நினைவகம். அது நிரம்பி டிஸ்க்குக்கு வழியத் தொடங்கினால் எந்த வேகமான சிப்பும் காத்துக்கொண்டுதான் இருக்கும். கூடவே பாதிவழிக் கணக்கைச் சேமிக்கும் இடைநிலைக் கோப்பு எழுதும் வசதியைப் போட்டுவிடுங்கள். ஒருமுறை 31 மணிநேரம் ஓடிய என் கணக்கு பின்னிரவு மின்வெட்டில் போய்விட்டது. விசிறிச் சத்தம் நின்றதில்தான் விழித்தேன். திரும்ப முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருந்தது. கடைக்குப் போகுமுன் மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி, இரண்டாவது றாம் பொருத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.