முதல் இன்டர்னலில் சறுக்கிய மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். அருப்புக்கோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூவில் 600-க்கு 531 எடுத்து, 7.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் மதுரைக்கு அருகே இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) சேர்ந்த மகள், ஆறே வாரத்தில் "நான் வந்துடுறேன்ப்பா" என்று போனில் அழுவதும், முதல் இன்டர்னல் எனும் அகமதிப்பீட்டுத் தேர்வில் கணக்குத் தாளில் 18 மதிப்பெண் மட்டுமே வாங்கியிருப்பதும் உங்களைக் கலங்க வைத்திருப்பது இயல்பே. ஆனாலும் இது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டதில் எனக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. என்னிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலோர் முதல் பருவத் தேர்வு முடிவு வெளியாகி, நான்கு அரியரோடு பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகுதான் வருகிறார்கள்; அப்போது செய்யக்கூடியவை மிகக் குறைவு.

முதலில் அந்த 18-ஐப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் படிக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் ஒவ்வொரு எழுத்துப் பாடத்துக்கும் அகமதிப்பீட்டுக்கு 40, 100-க்கு எழுதும் பல்கலைக்கழகத் தேர்வுக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டிருக்கிறது. தேர்ச்சி பெற மொத்தத்தில் 50-உம், பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் குறைந்தது 45 விழுக்காடும் வேண்டும். அகமதிப்பீட்டில் 40-க்கு 30 வைத்திருக்கும் மாணவி பல்கலைக்கழகத் தேர்வில் 100-க்கு 45 எடுத்தாலே கரையேறிவிடுவாள். 12 மட்டும் வைத்திருப்பவளோ அதே பாடத்தில் 64 எடுத்தாக வேண்டும். ஆக, ஏற்கெனவே தடுமாறுகிற பிள்ளையிடம்தான் கூடுதலாக 19 மதிப்பெண் கேட்கப்படுகிறது. இரண்டாவது இன்டர்னல் இன்னும் நடக்கவில்லை; அசைன்மென்ட்டுகளுக்கும் தனியே மதிப்பெண் உண்டு. பயமுறுத்துவதற்காக இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. இப்போது செலவிடும் மூன்று வார உழைப்பு, டிசம்பரில் செலவிடும் மூன்று வார உழைப்பைவிட அதிகப் பலன் தரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து, அவள் ஏன் தடுமாறுகிறாள் என்பது. "பிளஸ் டூவில் கணக்கில் 92 வாங்கியவளுக்கு இப்போது என்ன வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு அவளை விட்டுப் போய்விடவில்லை, ஐயா. கணக்கின் பெயர்கள்தாம் மாறிவிட்டன. முதல் பருவத்துக் கணக்குத் தாளின் முதல் அலகு அணிகள். ஐகன் மதிப்பு என்ற சொல் அவளுக்குப் புதிது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க அவள் செய்ய வேண்டியது ஓர் அணிக்கோவையை விரித்து, அதில் கிடைக்கும் முப்படிச் சமன்பாட்டைத் தீர்ப்பது. அணிக்கோவையைப் பிளஸ் ஒன்னிலும், சமன்பாட்டைப் பிளஸ் டூவிலும் அவள் செய்து முடித்தவள். பேராசிரியர் 'டிட்டர்மினன்ட்' என்றும் 'பார்ஷியல் டெரிவேட்டிவ்' என்றும் வேகமாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, அவை தான் ஏற்கெனவே அறிந்த அணிக்கோவையும் பகுதி வகைக்கெழுவும்தான் என்பது தெரியாமலே அந்த வகுப்பு முடிந்துவிடுகிறது. ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் பள்ளிப் புத்தகத்துத் தமிழ்ச் சொல், அதற்கு ஒரு வரிக் கணக்கு என்று நாளொன்றுக்குப் பத்துச் சொல் எழுதச் சொல்லுங்கள். இதனால் மட்டுமே மீண்டு வந்த தமிழ் வழி மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பைத்தான் பாடத்தின் கதை வேறு. அவள் உயிரியல்–கணிதப் பிரிவில் படித்தவள். பக்கத்து இருக்கையில் இருப்பவர்களில் கணிப்பொறி அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்கள் பள்ளியிலேயே பைத்தான் படித்துவிட்டவர்கள். அவர்கள் ஐந்து நிமிடத்தில் நிரலை எழுதி முடித்துவிட்டு நிமிரும்போது, முதல்முறையாக விசைப்பலகையைத் தொடுகிற பிள்ளை தன்னை மந்தம் என்று முடிவு கட்டிக்கொள்கிறது. இது திறமை வேறுபாடு அன்று, இரண்டு ஆண்டு முன்பின் மட்டுமே. இதை யாராவது ஒருவர் அவளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

மதிப்பெண்ணைவிட முன்னதாகவே பேசுகிற அறிகுறிகள் உண்டு: திங்கட்கிழமை முதல் மணி வகுப்புக்கு வராமை, லேப் ரெக்கார்டு கையெழுத்தாகாமல் தேங்குவது, மெஸ்ஸுக்குத் தனியாகப் போவது அல்லது போகாமலே இருப்பது, வீட்டுக்குப் போன் செய்யும்போது பாடத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்கூட வராமை. காரணம் சில நேரம் பாடத்துக்கு வெளியேகூட இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், வரைபடப் பாடம் முதல் பருவத்திலேயே இருந்தபோது, வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாள் மட்டும் கல்லூரிக்கு வராத மாணவன் ஒருவனை என்னிடம் அனுப்பினார்கள். ஒழுக்கக்கேடு என்று கோப்பில் எழுதியிருந்தது. அவனிடம் டிராஃப்டர் என்ற வரைகருவி இல்லை. அப்பாவிடம் மறுபடியும் பணம் கேட்கக் கூச்சப்பட்டு, அந்த நாளையே தவிர்த்து வந்திருக்கிறான். உங்கள் மகளிடமும் லேப் கோட்டு, ஷூ, கால்குலேட்டர் எல்லாம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 அவள் கணக்கில் வரவேண்டும்; வரவில்லையென்றால் கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பத்தின் நிலையைக் கேட்டுப் பாருங்கள்.

வருகைப்பதிவையும் உடனே பார்த்துவிடுங்கள். 75 விழுக்காடு கட்டாயம். அதற்குக் கீழே 65 வரை மருத்துவச் சான்று போன்ற தகுந்த காரணம் இருந்தால் சலுகை கிடைக்கும். அதற்கும் கீழே போனால் தேர்வெழுத முடியாமல் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும். 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் மொத்தமாக 22 நாள்தான் கையிருப்பு. அழுகிறாளே என்று வாரம் ஒருமுறை ஊருக்கு அழைத்து, திங்கட்கிழமை இரவு திருப்பி அனுப்பினால், உங்கள் பாசமே அந்தக் கையிருப்பைத் தின்றுவிடும்.

கல்லூரிக்கு நேரில் போங்கள். முதல்வர் அறைக்கு முன் காத்திருக்க வேண்டாம், வகுப்பு ஆலோசகரை அல்லது அவளுக்கு ஒதுக்கப்பட்ட மென்டாரைப் பாருங்கள். "என் மகள் நல்லாப் படிக்கிறாளா?" என்று கேட்டால் "கொஞ்சம் முயற்சி செய்யணும்" என்ற பதில்தான் வரும். எந்தப் பாடத்தில், எந்த அலகிலிருந்து பின்தங்கினாள், எத்தனை ரெக்கார்டு பாக்கி, சிறப்பு வகுப்பு எந்த நாளில் என்று கேளுங்கள். நாக் என்ற தேசியத் தர மதிப்பீட்டுக்காகப் பல கல்லூரிகள் மெதுவாகக் கற்போர் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கும். அந்த வகுப்புகள் தாளில் மட்டும் நடப்பதும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்கிறேன். உண்மையிலேயே நடக்கிறதென்றால், கல்லூரிப் பேருந்து கிளம்பிய பின்னும் அங்கேயே தங்கியிருக்கக்கூடிய ஹாஸ்டல் பிள்ளை அவள். வெளியிலிருந்து வந்து போகிறவர்களுக்கு இல்லாத வசதி இது. அதோடு, அதே துறையில் இரண்டாமாண்டு படிக்கும் தமிழ் வழி மாணவி ஒருவரை அறிமுகப்படுத்தும்படி ஆலோசகரிடம் கேளுங்கள். என் அனுபவத்தில் பேராசிரியரின் அறிவுரையைவிட இந்த அக்காமார்களின் பேச்சு விரைவாக வேலை செய்கிறது.

போனில் தினமும் மதிப்பெண் விசாரிப்பதை நிறுத்துங்கள். இன்று எந்த வகுப்பு புரிந்தது என்று மட்டும் கேளுங்கள். ஊரார் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். உறங்காமல், உண்ணாமல் இருக்கிறாள் என்றோ, வாழவே பிடிக்கவில்லை என்ற தொனியில் பேசுகிறாள் என்றோ தெரிந்தால், இந்தக் கடிதத்திலுள்ள மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து அன்றே நேரில் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழக அரசின் 104 உதவி எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.

கடைசியாக, அவளை அழைத்துவந்து கலைக் கல்லூரியில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பி.எஸ்சி. படிப்பதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் இந்த ஆண்டுச் சேர்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையில், இப்போது விலகினால் அவள் வீட்டில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். முதல் பருவத் தேர்வை எழுதட்டும். முடிவு வந்த பிறகும் இந்தத் துறையே வேண்டாமென்று அவள் சொன்னால், அப்போது மூவரும் உட்கார்ந்து பேசுவோம். இந்த வெள்ளிக்கிழமை நீங்கள் மதுரைக்குப் போகும்போது, பரணில் கட்டிப் போட்டிருக்கும் அவளுடைய பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் இரண்டு தொகுதிகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.